‘ஐ ஆம் ஹேவிங்’: எங்கே சரி, எங்கே தவறு

இந்த வாரமும் ஒரு பயோடேட்டா வந்தது. முதல் வரியே ‘ஐ ஆம் ஹேவிங் த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’. வேலை நன்றாகத் தெரிந்த பிள்ளை. நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிற எனக்கு இந்த ஒரு ஹேவிங்கை அடித்து அடித்தே கை ஓய்ந்துவிட்டது.

ஹேவ் சின்னச் சொல்தான், பார்க்கிற வேலை ஏராளம். நம்மிடம் இருப்பதைச் சொல்லும், சாப்பிடுவதைச் சொல்லும். ‘ஹேவ் டு’ என்றால் கட்டாயம். ‘ஐ ஹேட் மை பைக் ரிப்பேர்டு’ என்றால் வேறொருவரைக் கொண்டு சரிசெய்தேன். இதெல்லாம் இலக்கணப் புத்தகத்திலேயே இருக்கிறது.

நமக்குத் தகராறு முதல் பொருளில்தான். தமிழில் இதற்கு நேரான வினை கிடையாது. ‘எனக்கு இரண்டு தம்பிகள்’ என்று வினையே இல்லாமல் முடிப்போம், அல்லது ‘என்னிடம் பணம் இருக்கிறது’ என்போம். இப்போது இருக்கிறது, அப்படியானால் வினையோடு ஐஎன்ஜி (-ing) சேர்க்க வேண்டும் என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. அது போதாதென்று, ஹேவிங் போட்டால் மரியாதையாக, ஆபீஸ் இங்கிலீஷ் மாதிரி இருக்கும் என்று ஒரு நம்பிக்கை வேறு. இல்லவே இல்லை. ஐஎன்ஜி மரியாதையைக் கூட்டாது, கௌரவத்தையும் கூட்டாது. இங்கே அது சொல்வது, ஒன்று தொடங்கி முடியாமல் நடந்துகொண்டிருக்கிறது என்பதை. மூன்று வருட அனுபவம் நடந்துகொண்டிருக்கிற காரியம் இல்லை, உங்களிடம் இருப்பது. தம்பியும் வீடும் பட்டமும் அப்படியே. ‘ஐ ஹேவ்’ போதும்.

பொருளே மாறிப்போகும் இடமும் உண்டு. ‘ஷி ஹேஸ் எ பேபி’ என்றால் அவளுக்குக் குழந்தை இருக்கிறது. ‘ஷி இஸ் ஹேவிங் எ பேபி’ என்றால் கர்ப்பமாக இருக்கிறாள், அல்லது பிரசவம் நடக்கிறது. ‘ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்’ என்று விசா அதிகாரியிடம் சொன்னால் அவர் என்ன நினைப்பார்?

நமக்குள் பேசும்போது இது புரிகிறதே என்பார்கள். சரி, புரியும். ஆனால் வெளிநாடு போக எழுதுகிற ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்-இன் பேச்சுத் தேர்வில் மதிப்பிடும் 4 அம்சங்களில் இலக்கணமும் ஒன்று.

இன்னொரு பக்கம், ‘ஹேவுக்கு ஐஎன்ஜி வரவே வராது’ என்று சில டியூஷன்களில் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். அதுவும் தவறு. ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’, ‘வி ஆர் ஹேவிங் எ மீட்டிங்’, ‘ஹி இஸ் ஹேவிங் செஸ்ட் பெயின்’ எல்லாம் சுத்தமான ஆங்கிலம். சாப்பாடு, கூட்டம், வலி மூன்றும் நடப்பவை. ஆசிரியர்களே, தயவுசெய்து அந்த அரைகுறை விதியைக் கொடுக்காதீர்கள். ‘இருக்கிறதா, நடக்கிறதா?’ என்று பிள்ளைகளைக் கேட்கப் பழக்குங்கள்.

அப்புறம், பயோடேட்டா அனுப்புமுன் ஹேவிங் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். ‘எஸ்டர்டே’ வந்தால் ‘ஐ ஹேவ் சீன்’ வேண்டாம், ‘ஐ சா’ போடுங்கள். ‘டிட் நாட்’டுக்குப் பிறகு ‘ஹேட்’ எழுதாதீர்கள், ‘ஹேவ்’தான். மேலதிகாரிக்கு ‘யூ ஹேவ் டு சென்ட்’ என்று மெயில் எழுதினால் அது உத்தரவு. ‘குட் யூ ப்ளீஸ் சென்ட்’ என்று கேளுங்கள்.