கண்ணாடிச் சில்லும் கைப்பிடி உரமும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயி எங்கள் உர ஆலைக்கு வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். மேசைமேல் பிரித்து வைத்தார். எங்கள் உரம்தான். கறுப்பாக, மண்வாசனையோடு நன்றாகவே மக்கியிருந்தது. நடுவில் மட்டும் ஏதோ மின்னியது. உடைந்த பல்பின் சில்லுகள். "இதை நான் கையால் அள்ளித் தூவுகிறேன், சார்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. மீதி மூட்டைகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கேட்டார்; எடுத்துக்கொண்டோம்.

வீட்டுக் குப்பையை உரமாக்கும் ஆலையில் பொறியாளராக இருக்கிறேன். அன்று எனக்குக் கோபம் வந்தது, ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை. எங்கள் கடைசிச் சல்லடையின் துளை 4 மில்லிமீட்டர். மெல்லிய சில்லு நிமிர்ந்து நின்றால் அதில் வழுக்கிக்கொண்டு போய்விடும். எங்கள் எந்திரங்கள் அவ்வளவு கெட்டிக்காரர்கள் அல்லர். காந்தம் இரும்பை இழுக்கும், காற்று வீசி லேசான பிளாஸ்டிக்கைப் பறக்கவிடலாம், சல்லடை பெரியதையும் சிறியதையும் பிரிக்கும். அந்தப் பிளாஸ்டிக்கும் உலர்ந்திருந்தால்தான் பறக்கும். மீந்த குழம்பில் ஊறிய பை எருவோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கும். உங்கள் சமையலறையில் பல்பைத் தனியே வைக்கப் பத்து நொடி ஆகும். வண்டியில் நசுங்கி வந்த பிறகு அதே வேலையை எத்தனை பேரை வைத்தாலும் எங்களால் முழுதாகச் செய்து முடிக்க முடிவதில்லை.

எங்கள் தொழிலில் ஒரே எதிரியைச் சொல்லச் சொன்னால் ஈரம் என்பேன். காய்ந்த காகிதம் ஆலைக்குப் போய் மறுபடி காகிதமாகும். எண்ணெயும் உணவும் பட்ட காகிதத்தைக் காகித ஆலை வாங்காது. எண்ணெய்ப்பசை கூழைக் கெடுத்துவிடும். அலுமினிய டப்பாவை உருக்கிப் புதிதாக வார்க்க, தாதுவிலிருந்து எடுப்பதைவிட ஏறக்குறைய 95 சதவீதம் குறைவான மின்சக்தி போதும். அவ்வளவு மதிப்புள்ள பொருளை அழுகிய காய்கறித் தோலுக்குள் புதைத்து அனுப்புகிறோம். மக்கும் குப்பையை மட்டும் தனியாக எடுத்துவிட்டால் மீதிச் சிக்கலில் பெரும்பகுதி தானாகவே அவிழும். உலக வங்கியின் 2018 அறிக்கைப்படி உலகின் நகராட்சிக் குப்பையில் 44 சதவீதம் உணவும் தாவரக் கழிவும்தான்.

இந்த 44 சதவீதம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்து அதன் குணமே மாறிவிடும். காற்றுப் படும்படி குவித்து, அவ்வப்போது புரட்டிப் போட்டால் நுண்ணுயிரிகள் சுறுசுறுப்பாகத் தின்று குவியலைச் சூடாக்கும். 55 டிகிரி செல்சியஸைத் தாண்டி அந்தச் சூடு சில நாள் நின்றால் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் மடியும். குளிர்காலக் காலையில் குவியலைக் கிளறும்போது ஆவி எழும்; எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. இதே தோலைப் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுக் குப்பை மேட்டின் அடியில் தள்ளினால் அங்கே காற்று இல்லை. காற்று வேண்டாத வேறு வகை நுண்ணுயிரிகள் வந்து மீத்தேனை உண்டாக்கும். 100 ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன், ஒரு கிலோ கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடாக்கும். மேட்டின் அடியிலிருந்து ஊறும் கறுப்புக் கசிநீர் நிலத்தடி நீரில் கலப்பது தனிக் கதை.

"தனியாக வைத்தால் வீடு நாறுகிறதே" என்று கேட்பார்கள். நாற்றத்துக்குக் காரணம் பிரித்து வைத்தது அல்ல, மூடிய பையில் தேங்கும் தண்ணீர்தான். வடியவிட்டுப் போடுங்கள். கூடையின் அடியில் பழைய செய்தித்தாளை மடித்து வையுங்கள், மேலே கொஞ்சம் காய்ந்த இலை தூவுங்கள். முடிச்சுப் போடாதீர்கள். இன்னொரு கோடியில், பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். அவ்வளவு வேண்டாம், பாத்திரம் கழுவிய தண்ணீரில் ஒருமுறை அலசிக் காயவிட்டால் போதும். பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பார்த்து மனத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதைத்தான் சொல்கிறது; மறுசுழற்சி ஆகும் என்ற உத்தரவாதம் அல்ல.

இதுவரை சொன்னதில் சிறு தவறுகள் நேர்ந்தாலும் சமாளித்துக்கொள்வோம். இரண்டு பொருள்களில் மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. ஒன்று, பேட்டரி. பழைய கைபேசியின் லித்தியம் பேட்டரி நசுங்கினால் உள்ளே ஷார்ட் சர்க்யூட் ஆகித் தானாகவே பற்றிக்கொள்ளும். எங்கள் கொட்டகையில் ஒருமுறை அப்படித்தான் தீப்பிடித்தது. காகிதக் கட்டுகளுக்கு நடுவே அணைக்க ஒரு பகல் முழுதும் ஆனது. முனைகளில் டேப் ஒட்டி, தனி டப்பாவில் சேர்த்து வைத்து, மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள்.

இன்னொன்று, ஊசி. எங்களோடு பிரிக்கும் மேசையில் நிற்கும் ஒரு பெண்ணின் விரலில், கையுறையைத் துளைத்துக்கொண்டு, இன்சுலின் ஊசி ஒன்று ஏறியது. மஞ்சள் காமாலை வைரஸ், எச்.ஐ.வி. என்று மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனைகள். கடைசியில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. ஆனால் அந்த மாதங்களில் அவர் தன் குழந்தைக்குச் சோறு ஊட்டக்கூடப் பயந்தார். ஊசியையும் பிளேடையும் மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டுத் திருகி மூடி, மேலே 'ஊசி' என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள். நாப்கினையும் டயப்பரையும் காகிதத்தில் சுற்றி ஓர் அடையாளம் போட்டுவிடுங்கள். கையால் பிரித்துப் பார்க்க வேண்டிய அவலம் மேசையில் நிற்பவர்களுக்கு இருக்காது.

கடைசியாக, எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் எழும் கேள்வி: "நாங்கள் பிரித்துத்தான் கொடுக்கிறோம், வண்டியில் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்களே?" சில இடங்களில் அது உண்மை. நானே பார்த்திருக்கிறேன், வெட்கப்பட்டிருக்கிறேன். ஆனால் அதற்காக நீங்களும் கலந்து கொடுத்தால், "மக்கள் பிரிப்பதில்லை" என்று சொல்ல அவர்களுக்கு வசதியாகிவிடும். மூடிய பாட்டிலுக்குள் இருக்கும் ஊசி எந்த வண்டியில் கலந்தாலும் யாரையும் குத்தாது. வீட்டிலேயே தொட்டியில் மக்கவைக்கும் தோலுக்கு வண்டியே வேண்டாம். மற்றதற்குப் புகார் எழுதுங்கள். எழுதும்போது வண்டியின் எண்ணையும் நேரத்தையும் குறிப்பிடுங்கள். அவை இருந்தால் அன்றைக்கு அந்தத் தெருவுக்கு யார் போனார்கள் என்று மேற்பார்வையாளரால் உடனே கேட்க முடியும்.