கோழிக் கொட்டிலை இறுக்கி மூடாதீர்கள்

கொண்டை நுனி கறுத்து, கண்ணில் நீர் வடியும் கோழிகளை இந்தக் குளிர்காலத்திலும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கொட்டிலின் படத்தைக் காட்டச் சொன்னால் எல்லாம் ஒரே மாதிரிதான்: இடுக்கு விடாமல் பிளாஸ்டிக் தாள் சுற்றிய சுவர், தலைக்கு மேல் தொங்கும் வெப்ப விளக்கு, கூரையில் முத்து முத்தாகக் கோத்து நிற்கும் நீர். "குளிரில் முட்டை நின்றுவிட்டது டாக்டர், அதனால்தான்..." என்று இழுப்பார்கள்.

முட்டையை நிறுத்தியது பகல் பொழுதின் சுருக்கம். பகல் குறையக் குறைய, சூலகத்தைத் தூண்டும் ஹார்மோன்களும் குறைகின்றன. இறகு உதிர்வதும் அதே பருவத்தில்தான். இறகில் பெரும்பகுதி புரதம். தின்பதெல்லாம் புது இறகுக்கே போய்விடும்போது முட்டைக்கு என்ன மிஞ்சும்? நம்ப மறுப்பவர்கள் சொந்தக் கொட்டிலையே பாருங்கள். அந்த ஆண்டு வசந்தத்தில் பொரித்த இளம் பெட்டைகள் பல, அதே குளிரில் இட்டுக்கொண்டிருக்கும். குளிர்தான் காரணமென்றால் அவையும் அல்லவா நிறுத்தியிருக்க வேண்டும்? கடுங்குளிரில் தீவனத்தின் ஒரு பங்கு உடல் சூட்டுக்குச் செலவாகி முட்டை ஓரளவு குறையலாம். அதற்குக் கூடுதல் தீவனம் போதும், விளக்கு வேண்டாம்.

கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். இறகு முழுதாக உள்ள வளர்ந்த கோழி, உலர்ந்த குளிரை நன்றாகவே தாங்கும். ஈரத்தைத்தான் தாங்காது. எச்சத்திலிருந்தும் மூச்சிலிருந்தும் எழும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொண்டையில் படிந்து, சதை உறைந்துபோகிறது. காலையில் கதவைத் திறந்ததும் அம்மோனியா உங்கள் மூக்கில் ஏறுகிறதா? இரவெல்லாம் அதைச் சுவாசித்தது உங்கள் கோழிதான். அமரும் கட்டைக்கு வெகு மேலே காற்றுத் திறப்பு வையுங்கள். நனைந்த கூளத்தை அன்றன்றே அள்ளுங்கள். தூசியும் வைக்கோலும் நிறைந்த இடத்தில் வெப்ப விளக்கைத் தொங்கவிட்டு உறங்கப் போகாதீர்கள்; கொட்டில் தீப்பிடிக்க அது ஒன்றே போதும்.

முட்டை வேண்டுமென்றால் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். இறகு முளைத்து முடியும்வரை பொறுத்திருப்பதே என் விருப்பம். பிறகு, டைமர் பொருத்திய சிறு பல்பு ஒன்று விடியலுக்கு முன் எரியட்டும். கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டி, இயற்கை வெளிச்சத்தோடு சேர்த்து 14 மணி நேரம் வரும்படி செய்தால் போதும். மாலையில் எரியவிட்டுத் திடீரென்று அணைத்தால், கட்டையில் ஏறாத கோழிகள் இருட்டில் தடுமாறும். 16 வாரம் நிறையாத குஞ்சுகளுக்கு இந்த வேலையே வேண்டாம்.

தண்ணீர் உறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். உடல் சூட்டுக்கென்று மிளகாய்த் தூள் கலப்பவர்களே, பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைப்பதில்லை. மாலையில் ஒரு பிடி சோளம் போதும். முட்டையிடும் கோழிகளுக்கான தீவனத்தைக் குறைத்துச் சோளத்தைக் கொட்டினால் புரதமும் கால்சியமும் குறைந்து, கொழுப்புதான் சேரும்.

கொண்டை உறைந்திருந்தால் தேய்க்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள், கறுத்த நுனியை வெட்டாதீர்கள். மிதமான சூடுள்ள அறையில் வைத்துக் காட்ட வாருங்கள்.

முட்டை நின்ற கோழி தின்று திரிந்துகொண்டிருந்தால் வசந்தம்வரை காத்திருக்கலாம். வாலைத் தொங்கவிட்டு, நிமிர்ந்து நின்று முக்கினால் முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். அந்தக் கோழியை மட்டும் தயவுசெய்து மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.