தோட்டத்து வறுமையை எந்த எல்லைக்குள் அளப்பது?

தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த நுவரெலியாவில் வறுமை எத்தனை சதவீதம் என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்வி. எந்த வறுமைக் கோட்டை வைத்து? எந்த எல்லைக்குள்? வீடு வீடாகத் தகவல் எடுப்பதும், எடுப்பவர்களைப் பழக்குவதும் என் தொழில். இந்த இரண்டையும் சொல்லாமல் மேடையில் ஒரு எண்ணை வீசிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

முதலில் கோடு. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016 ஆய்வில் தோட்டத் துறை வறுமை 8.8 சதவீதம். 2019 ஆய்வில் அது 33.8. மூன்று வருடத்தில் தோட்டங்கள் அப்படிச் சரிந்துவிடவில்லை. 2002இல் போட்ட பழைய கோட்டை விட்டுவிட்டு, 2012/13இல் மக்கள் செலவழித்த விதத்தை வைத்துப் புதிதாகக் கோடு போட்டார்கள். 2019 விலைக்கு அது ஆளுக்கு மாதம் 6,966 ரூபாய். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வறுமை நான்கு மடங்காகிவிட்டது என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அதே 2019 தரவில், பணத்தை மட்டும் பார்க்காமல் படிப்பு, சுகாதாரம், வாழ்க்கைத் தரம் என்று பல பக்கமும் பார்த்துப் போட்ட கணக்கில் நாடு முழுவதற்கும் 16 சதவீதம், தோட்டத்துக்கு 51.3. இரண்டு மூன்று பேர் சம்பாதிக்கும் வீடு கோட்டைத் தாண்டிவிடும். ஆனால் அந்தச் சம்பளத்தால் பாதை வந்துவிடாது, டிஸ்பென்சரியில் மருந்து வந்துவிடாது.

அப்புறம் எல்லை. அம்பகமுவ, நுவரெலியா என்ற இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளிலும் 2012 தொகைமதிப்பின்படி (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) தலா 2 லட்சத்துக்கு மேல் ஆட்கள். அந்தத் தொகைமதிப்பை வைத்து வந்த வறுமை வரைபடத்தில் ஹட்டன் டவுனும் மஸ்கெலியாவின் கடைசி லயமும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) ஒரே நிறம். 2019 ஆய்வுக்கு மாதிரியாக எடுத்தது நாடு முழுவதற்கும் சுமார் 25,000 வீடுகள். அதை மிகச் சிறிய நிர்வாக அலகான கிராம உத்தியோகத்தர் பிரிவு அளவுக்கு வெட்டினால், ஒரு பிரிவுக்குச் சராசரியாக இரண்டு வீடுகூட மிஞ்சாது. அதனால்தான் ஆய்வில் தெரிந்த செலவுக்கும் வீட்டின் தன்மைக்கும் உள்ள தொடர்பை எடுத்து, தொகைமதிப்பின் எல்லா வீடுகளிலும் பொருத்தி மதிப்பிடுகிறார்கள். நல்ல முறைதான். ஆனால் வருவது மதிப்பீடு. இடம் சிறிதாகச் சிறிதாகப் பிழை வீச்சு கூடும்.

கிராம உத்தியோகத்தர் பிரிவு வரைக்கும் இறங்கினாலும் சிக்கல் தீராது. ஒரு பிரிவுக்குள் கடைவீதி, நாட்டுப் பக்கம் (கிராமம்), தோட்டம் மூன்றும் கிடக்கலாம். கடைக்காரர்களின் மாடி வீடும் தோட்டத்தின் ஒரு பகுதியான கீழ் டிவிசனின் லயமும் சேர்ந்து ஒரு சராசரியாகும்போது, பிரிவு 'நடுத்தரம்' ஆகிவிடுகிறது. உதவிப் பட்டியல் போடும்போது அந்த நடுத்தரம் கீழ் டிவிசனைத்தான் அடிக்கிறது.

குறிகாட்டிகளைக் கடன் வாங்குவதில் இன்னொரு ஆபத்து. பிரிட்டனில் பீட்டர் டவுன்சென்ட் குழுவினர் 1980களில் சிறு பகுதிகளின் இல்லாமையை அளக்க நான்கைப் பார்த்தார்கள்: வேலையின்மை, கார் இல்லாமை, சொந்த வீடு இல்லாமை, அறைக்கு ஒருவருக்கு மேல் நெருக்கம். அங்கே பகுதிக்குப் பகுதி இவை மாறும். இங்கே? லயத்தில் கார் யாரிடமும் இல்லை. காம்பரா (லயத்து அறை) தோட்டத்துக்குச் சொந்தம். நெருக்கம் எல்லா வீட்டிலும். எல்லோருக்கும் ஒரே பதில் வரும் கேள்வி, அவர்கள் எல்லோரும் கஷ்டத்தில் என்று சொல்லும். அவர்களுக்குள் யார் அதிகக் கஷ்டத்தில் என்று சொல்லாது. வேலையின்மை அதைவிட மோசம். கணக்கெடுப்பு வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்திருந்தாலே வேலையுள்ளவர் என்பது சர்வதேச வரையறை. "வேலை இருக்கா?" என்று கேட்டால், "பேர் இருக்கு சார்" என்பார் அக்கா. பேர் என்றால் ஒரு நாள் வேலைக்குப் பதியும் கணக்கு. பதிவு முடிந்தது. அந்த மாதம் எத்தனை நாள் முழுப் பேர், எத்தனை நாள் அரைப் பேர் என்று கேட்க படிவத்தில் இடமே இல்லை. நான் பழக்கும் பிள்ளைகளிடம் சம்பளத் துண்டை வாங்கிப் பார்க்கச் சொல்வது இதற்குத்தான்.

தண்ணீரும் அப்படியே. குழாய் இருக்கிறதா என்றால் ஆம். லய முனையில் ஒரு குழாய், காலையில் கொஞ்ச நேரம், மலை ஊற்றிலிருந்து வடிகட்டாமல் வரும் தண்ணீர். டவுனில் சபை சுத்திகரித்துத் தருகிற குழாய்க்கும் இதற்கும் படிவத்தில் ஒரே கட்டம்.

அரசின் நலன்புரி உதவித் திட்டமான அஸ்வெசும வந்த பிறகு இது வெறும் ஆய்வு விஷயம் இல்லை. 22 அளவுகோல்களை வைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் புள்ளி போடுகிறார்கள். தகவல் எடுக்க வருபவரிடம் கூச்சப்படாமல் விவரமாகச் சொல்லுங்கள். ஒரு கூரையின் கீழ் இரண்டு குடும்பம் தனித்தனி அடுப்பு வைத்திருந்தால் அதைச் சொல்லுங்கள். மின்சாரப் பட்டியல் பல வீட்டுக்குப் பொதுவாக இருந்தால் சொல்லுங்கள். நீண்ட நாள் வருத்தம் இருந்தால் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். விருந்தாளி வந்த மாதிரி எல்லாம் நல்லாயிருக்கு என்று சொல்லி அனுப்புகிற நம் பழக்கம் இந்த ஒரு இடத்தில் வேண்டாம்.

சங்கத் தலைவர்களும் ஆசிரியர்களும் கேட்க வேண்டியது வேறு. 2024 தொகைமதிப்பின் வீடு வீடான தரவு திணைக்களத்திடம் இருக்கிறது. கிராம உத்தியோகத்தர் பிரிவுக்குள்ளேயே தொகைமதிப்பு வட்டாரங்களும் (கணக்கெடுப்புக்கான சிறு பகுதிகள்) பிரித்துப் போடப்பட்டிருக்கின்றன. அந்த வட்டாரங்களைத் தோட்ட டிவிசன்களோடு பொருத்தி, வீட்டுப் பெயர்கள் இல்லாமல் அட்டவணை தரும்படி பிரதேச செயலகத்தின் புள்ளிவிபர உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். 2016இல் நிறைவேறிய தகவலறியும் உரிமைச் சட்டமும் கையில் இருக்கிறது. கடிதத்தில் தோட்டத்தின் பெயரோடு டிவிசனின் பெயரையும் போட மறக்காதீர்கள். தோட்டத்தின் பெயர் மட்டும் இருந்தால் மறுபடியும் சராசரிதான் வரும்.