வால்யூமைச் சுழியத்தில் வைத்துச் சோதியுங்கள்: பழைய டிஜிட்டல் பியானோ வாங்குவோருக்கு

பழைய டிஜிட்டல் பியானோவைப் பார்க்கப் போனால், பெரும்பாலும் விற்பவர் வால்யூமைக் கூட்டி ஒரு பாட்டை வாசித்துக் காட்டுவார். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒலிகள் சிப்பில் எண்களாகப் பதிந்திருக்கின்றன. பத்து வருடம் வாசித்தாலும் தேயாது. தேய்வதெல்லாம் கட்டைகளுக்கு அடியில் இருக்கும் ரப்பர், ஃபெல்ட் என்ற மெத்தென்ற கம்பளிப் பட்டை, கிரீஸ்.

சாதாரண கீபோர்டில் அழுத்திய கட்டையை ஸ்பிரிங் மேலே தள்ளும். டிஜிட்டல் பியானோவின் வெயிட்டட் கீயில், அதாவது எடை வைத்த கட்டையில், அந்த வேலையைப் புவியீர்ப்பு செய்கிறது. கட்டை ஒரு நெம்புகோல். அது எடை வைத்த ஒரு சுத்தியலைத் தூக்கும். விரலை எடுத்ததும் சுத்தியல் விழும், கட்டை மேலே வரும். பல மாடல்களில் இடப்பக்கக் கட்டைகள் கனமாகவும் வலப்பக்கம் போகப்போக லேசாகவும் இருக்கும். அது பழுதல்ல, அசல் பியானோவைப் பார்த்துச் செய்த அமைப்பு.

முதல் சோதனைக்கு வால்யூமைச் சுழியத்தில் வையுங்கள். 88 கட்டைகளையும் ஒரே பலத்தில் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். மெத்தென்ற 'தொப்' சத்தம் வரவேண்டும். ஒரு கட்டை மட்டும் 'டக்' என்றால் அங்கே ஃபெல்ட் நசுங்கிவிட்டது அல்லது கழன்றுவிட்டது. அழுத்தியது மேலே வராமல் கிடந்தால் சுத்தியலின் பிளாஸ்டிக் கை உடைந்திருக்கலாம். அந்த மாடலுக்கு உதிரிபாகம் கிடைக்குமா என்று விசாரிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

எடை சீராக இருக்கிறதா என்று பார்க்க, 23 மி.மீ. அகலமுள்ள மஞ்சள் ஐந்து ரூபாய் நாணயங்கள் போதும். ஒன்று 6 கிராம். வெள்ளைக் கட்டையின் முன் விளிம்பில் கச்சிதமாக உட்காரும். எத்தனை நாணயத்தில் கட்டை இறங்குகிறது என்று எண்ணுங்கள். ஒரு கட்டை 9 நாணயத்துக்கு இறங்க, அடுத்த வெள்ளைக் கட்டை 13 கேட்டால், கிரீஸ் காய்ந்திருக்கலாம் அல்லது ஏதோ உரசுகிறது.

இனி வால்யூமைக் கூட்டலாம். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பர் குமிழில் இரண்டு கார்பன் புள்ளிகள் உண்டு. கட்டையை அழுத்தும்போது ஒன்று முதலில் தொடும், மற்றது கணநேரம் கழித்து. இடைவெளி நேரம் குறைந்தால் வேகமான தட்டல் என்று கணக்கிட்டு, மிடி (மின்னணு இசைக்கருவிகளுக்கான பொதுக் குறியீடு) முறையில் 1 முதல் 127 வரை ஓர் எண் கொடுக்கிறது கருவி. முதல் புள்ளியில் தூசி படிந்தால் அது தாமதமாகத் தொடும், இடைவெளி சுருங்கும். மெல்லத் தொட்டாலும் அந்த ஸ்வரம் மட்டும் அலறுவது இதனால்தான். இரண்டாவது புள்ளி தொடவே இல்லையென்றால் ஸ்வரம் ஊமை. இதைப் பார்க்கும்முன், தட்டும் வேகத்துக்கேற்ப ஒலியை மாற்றும் 'டச்' அமைப்பு 'ஃபிக்ஸ்டு' நிலையில் இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். அதில் எப்படித் தட்டினாலும் ஒரே அளவுதான் ஒலிக்கும், பழுது மறைந்துவிடும்.

அலறும் கட்டைக்குப் பயப்பட வேண்டாம், விலையைக் குறைக்கச் சொல்லலாம். அந்தக் குமிழ்கள் உள்ள ரப்பர் பட்டையை மெல்லக் கழற்றி, கார்பன் புள்ளிகளையும் எதிரே பலகையில் உள்ள தடங்களையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட, நூல் உதிராத துணியால் ஒற்றியெடுத்து, நன்றாக உலரவிட்டு மாட்டினால் பெரும்பாலும் சரியாகும். ஊசி, பிளேடு வேண்டாம். கார்பன் சுரண்டப்பட்டால் பட்டையையே மாற்ற வேண்டியதுதான்.

கருவியோடு வந்த அடாப்டர் இல்லாமல் வேறொன்று தந்தால் வோல்ட், ஆம்பியர், முனையின் துருவம் மூன்றையும் கருவியின் பின்புறம் அச்சிட்டதோடு ஒப்பிடுங்கள். ஒலியை நீட்டும் பெடலை மாட்டிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். பல கருவிகள் பெடலின் துருவத்தை அப்போதுதான் கண்டுகொள்ளும். அழுத்தாதபோது ஒலி நீண்டு, அழுத்தினால் அறுந்தால் துருவம் தலைகீழ், கருவியில் கோளாறில்லை.