காரில் கேஸ் கிட் போட்டீர்களே, இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொன்னீர்களா?

விபத்துக்குப் பிறகு வண்டியை நேரில் பார்த்து, என்ன சேதம், எவ்வளவு செலவு என்று கம்பெனிக்கு அறிக்கை கொடுக்கிற சர்வேயர் நான். 15 வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன். க்ளெய்மைக் கொடுப்பதும் மறுப்பதும் கம்பெனியின் முடிவு, ஆனால் வண்டியில் பார்த்ததை நான் எழுதியாக வேண்டும். அப்படி எழுதும்போது என் மனதை மிகவும் உறுத்துவது, கார்க்காரர் செய்த மாற்றத்தைக் கம்பெனிக்குச் சொல்லாமல் விட்ட வழக்குகள்தான். பெரும்பாலும் அவர்கள் ஏமாற்ற நினைத்தவர்கள் இல்லை. சொல்ல வேண்டும் என்பதே தெரியாதவர்கள்.

ஈரோடு பக்கம் ஒருவர் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினார். வாங்கும்போதே எல்பிஜி கிட் போட்டிருந்தது, எரிபொருள் செலவு குறைகிறதே என்று அவருக்குச் சந்தோஷம். ஒரு மாலையில் பானட்டுக்குள் தீப்பிடித்து முன்பக்கம் முழுக்க எரிந்துவிட்டது, நல்லவேளையாகக் குடும்பத்தில் எல்லோரும் இறங்கி ஓடிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தால் டிக்கியில் கேஸ் டேங்க் இருக்கிறது, ஆர்சியில் எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல் என்று மட்டும் இருக்கிறது, பாலிசியிலும் கிட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. தீ கேஸால் பிடித்ததா, வயரிங்கால் பிடித்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்கு எரிந்திருந்தது. கம்பெனி க்ளெய்மை மறுத்துவிட்டது. "சார், தீ விபத்துக்குக் கவர் இருக்குதானே?" என்று அவர் கேட்டார். இருக்கிறது, முழு பாலிசியில் தீயும் வெடிப்பும் தானாகத் தீப்பற்றுவதும் சேர்ந்தேதான் வருகின்றன. ஆனால் கம்பெனி கவர் கொடுத்தது ஒரு பெட்ரோல் காருக்கு. எரிந்தது அந்தக் கார் இல்லை என்பதுதான் அவர்கள் வாதம்.

இங்கே இரண்டு இடங்களில் சொல்ல வேண்டியிருக்கிறது, நிறையப் பேர் இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று ஆர்டிஓ அலுவலகம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்சியில் இருக்கும் விவரத்துக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது. எரிபொருள் கிட் போன்றவற்றுக்கு விதிப்படி வழி இருக்கிறது, மாற்றியதை ஆர்சியில் பதிய வேண்டும். 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று சேர்த்தார்கள், இரண்டும் சேர்ந்துகூட வரலாம். இன்னொன்று இன்சூரன்ஸ் கம்பெனி. ஆர்சியில் ஏற்றிவிட்டால் கம்பெனிக்குத் தானாகத் தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். கம்பெனிக்குச் சொன்னதால் சட்ட விரோதமான மாற்றம் சரியாகிவிடாது என்பதும் அதே அளவு உண்மை.

சரி, ஆர்சியைத் தொடாத சாமான்கள்? சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுக் காரோடு போய் ஒரு மத்தியான நேரத்தில் அலாய் வீல், டச் ஸ்கிரீன், ஆம்ப்ளிஃபயர், சீட் கவர் எல்லாம் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் எத்தனை பேர். இதில் தப்பே இல்லை. ஆனால் உங்கள் பாலிசியில் போட்டிருக்கும் ஐடிவி, அதாவது வண்டி முழுதாகப் போனால் கம்பெனி கொடுக்கிற உச்சத் தொகை, அந்த மாடலின் கம்பெனி விலையிலிருந்து வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழித்த தொகை. நீங்கள் வெளியில் வாங்கிப் போட்டது அந்தக் கணக்கில் கிடையாது. வண்டி திருடு போனாலோ முழுதாகச் சேதமானாலோ, 60,000 ரூபாய்க்கு வாங்கிய வீலுக்குத் தனியாக ஒரு பைசாகூட வராது. மோதலில் அலாய் வீல் உடைந்தால் அந்த மாடலோடு வருகிற சாதா ஸ்டீல் வீலின் விலைக்குத்தான் நான் மதிப்புப் போட முடியும்.

இதற்கு வழி இருக்கிறது, செலவும் பெரிதில்லை. பாலிசியில் மின்சாதனப் பொருட்கள், மின்சாதனமில்லாத பொருட்கள், கேஸ் கிட் என்று மூன்று தனிக் கட்டங்கள் இருக்கும். மின்சாதனங்களுக்கும் கிட்டுக்கும் பழைய டாரிஃப், அதாவது எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக இருந்த கட்டண விதிகள், வைத்த கணக்கு மதிப்பில் 4 சதவீதம். நான் பார்க்கிற பாலிசிகளில் இன்றும் பெரும்பாலும் அதுதான். 30,000 ரூபாய் மியூசிக் சிஸ்டத்துக்கு வருடத்துக்கு 1,200 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஆன்லைனில் புதுப்பிக்கும்போது அந்தக் கட்டங்களில் பூஜ்யம் இருக்கும், "வெளியில் கேஸ் கிட் போட்டிருக்கிறதா" என்பதற்கு "இல்லை" என்று ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். நாம் பிரீமியம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அந்த இல்லை நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த இல்லைதான், பின்னால் கம்பெனி முதலில் எடுத்துக் காட்டுவதும் அதைத்தான்.

எனக்கு ரொம்பவும் பயம் தருவது வயரிங். ஹெட்லைட்டில் கம்பெனி போட்ட 60/55 வாட் பல்பை எடுத்துவிட்டு 100/90 வாட் பல்பைச் சொருகுகிறார்கள், அதிக மின்சாரத்தைத் தனியாகத் தாங்கும் ரிலே சுவிட்ச் வைப்பதில்லை, மெல்லிய வயர் சூடேறி மேல் உறை உருகுகிறது. கூடுதல் லைட்டுக்கு பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் இல்லாமல் நேராக இழுக்கிறார்கள். எரிந்த வண்டியில் இப்படி ஒரு ஒட்டு வயரைப் பார்த்தால் அதை நான் எழுதாமல் இருக்க முடியாது. வண்டியைப் பாதுகாக்க நியாயமான அக்கறை எடுத்திருக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை, பேச்சு அந்த இடத்துக்குப் போனால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். தயவுசெய்து வயரை வெட்டாமல், சொருகி இணைக்கிற கப்ளர் வைத்து மாட்டச் சொல்லுங்கள், பில் கேட்டு வாங்குங்கள்.

எல்லா மாற்றமும் பிரீமியத்தை ஏற்றும் என்றும் நினைக்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்காகக் கையால் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் இயக்குகிற மாதிரி மாற்றி, ஆர்சியிலும் அதைப் பதிந்த காருக்கு டாரிஃப்பிலேயே சொந்தச் சேதப் பிரீமியத்தில் (நம் வண்டிக்கு வரும் சேதத்துக்காகக் கட்டுவது) 50 சதவீதம் தள்ளுபடி இருந்தது. இது தெரியாமல் முழுப் பிரீமியம் கட்டிக்கொண்டிருந்த ஒருவரை நானே பார்த்திருக்கிறேன், கேட்காததால் யாரும் கொடுக்கவில்லை.

எப்படிச் சொல்வது? ஏஜென்டிடம் போனில் சொல்லி "பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வாங்குவது சொன்னதாக ஆகாது. பாலிசி நம்பர் போட்டு கம்பெனிக்கு மெயில் அனுப்புங்கள், பில், போட்டோ, கிட் என்றால் அதைப் பதிந்த ஆர்சியின் நகல் எல்லாம் இணையுங்கள். சில நேரம் வண்டியைப் பார்க்க ஆள் அனுப்புவார்கள், மீதி இருக்கும் மாதங்களுக்கு மட்டும் கூடுதல் பிரீமியம் கேட்பார்கள். கட்டியதும் மாற்றத்தைப் பாலிசியில் சேர்த்ததற்கு எண்டார்ஸ்மென்ட் என்று ஒரு தாள் வரும். அது கையில் வந்த பிறகுதான் வேலை முடிந்தது. எஞ்சின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது போன்ற வேலைகளைச் சில கம்பெனிகள் ஏற்காமலும் போகலாம், அதனால் செய்வதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் 14 நாட்களுக்குள் பாலிசியைத் தங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், அந்தச் சமயத்திலேயே ஆர்சியையும் வண்டியையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பாருங்கள். ஈரோட்டுக்காரர் அதைச் செய்திருந்தால் போதும்.

மூன்று வருடமாகச் சொல்லவில்லை, இப்போது சொன்னால் வம்பாகிவிடுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். இப்போதே சொல்லுங்கள், அடுத்த புதுப்பித்தல் வரை காத்திருக்க வேண்டாம். செய்யவே கூடாத ஒன்று வேறு இருக்கிறது: விபத்து நடந்த பிறகு, சர்வேயர் வருவதற்குள் மாட்டியதைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுவது. டிக்கியில் டேங்க் இருந்த இடத்தில் போல்ட் ஓட்டைகள் இருக்கும், அடியில் கேஸ் பைப்பைப் பிடித்த கிளிப்புகள் இருக்கும், டேஷ்போர்டுக்குப் பின்னால் டேப் சுற்றிய வயர் முனைகள் தொங்கும். அதையெல்லாம் பார்த்துவிட்டு நான் எழுதும்போது, சொல்ல மறந்தவர் என்று எழுத முடியாமல், மறைத்தவர் என்று எழுத வேண்டியதாகிவிடுகிறது.