தீவாந்தரம்: சொல்லும் பொருளும்

வெகுநாள் கண்ணில் படாமல் திடீரென்று வந்து நிற்பவனைப் பார்த்து, "எங்கடா, தீவாந்திரம் போயிட்டியா?" என்று கேட்பார் என் பாட்டி. பாப்பாரப்பட்டியில் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவின் கதையைக் கேட்டபோதுதான் அது ஒரு தண்டனையின் பெயர் என்றே எனக்குத் தெரிந்தது. 1908இல் அவருக்கு விதித்தது 10 ஆண்டு தீவாந்தர சிட்சை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கடல் தாண்டாமல் உள்நாட்டுச் சிறையிலேயே கழிந்தது. தொழுநோயோடு வெளியே வந்தவர் 1925இல் பாப்பாரப்பட்டியில் கண்மூடினார்.

த்வீபம் என்றால் தீவு. அந்தரம் என்றால் வேறு, மற்றொன்று. ஆக, தீவாந்தரம் என்பது 'வேறொரு தீவு', அவ்வளவுதான். தேசாந்திரியில் இருப்பதும் இதே அந்தரம். நாம் 'அந்தரத்தில் தொங்குகிறான்' என்கிற அந்தரத்தை இதில் ஏற்றிக்கொள்கிறோம். பொருத்தமாகத் தோன்றினாலும் அது பிழை. சிட்சை வடமொழியில் கல்வி. நம்மிடம் அது தண்டனையானது. ஓசூர்ப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்களிடமும் அப்படியே.

அந்த 'வேறு தீவு' எது? 1858 முதல் அந்தமான். அதற்கு முன்பே பினாங்கு, சிங்கப்பூர். 1825 முதல் 1873 வரை சிங்கப்பூரில் இருந்த இந்தியக் கைதிகளில் சென்னை மாகாணத்தாரும் உண்டு. அங்குள்ள புனித அந்திரேயா பேராலயம் அவர்கள் உழைப்பில் எழுந்தது. சுண்ணாம்போடு முட்டை வெண்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் சேர்த்துப் பூசிய சுவர்கள்; நம் ஊர்க் கொத்தனாரின் கைப்பக்குவம். வருடங்கள் கழித்து நன்னடத்தைச் சீட்டு கிடைத்தவர் வெளியே சம்பாதிக்கலாம். அப்படி மாடு வளர்த்து, வண்டி ஓட்டி, குடும்பமாகி அங்கேயே தங்கிவிட்டவர்கள் பலர். அவர்களுக்கு அந்த வேறு தீவே ஊராகிவிட்டது.

1956இல் இந்தியச் சட்டத்திலிருந்து இந்தத் தண்டனை போய், அந்த இடத்துக்கு ஆயுள் தண்டனை வந்தது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? பலர் 'நாடு கடத்தல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாடு கடத்தல் ஒருவரை வெளியே தள்ளுவதோடு முடிந்துவிடும். இதிலோ போய்ச் சேர ஓர் இடம் உண்டு, அங்கே வேலை உண்டு, சிலருக்கு இரண்டாவது வாழ்க்கையும் உண்டு. 'அயல்தீவுத் தண்டனை' என்பது சொல்லுக்குச் சொல் சரியாக அமைகிறது. தண்டனையும் வடசொல்தானே என்பவர்கள் 'அயல்தீவு ஒறுப்பு' என்று எழுதலாம். ஆனால் சிவாவைப் பற்றி எழுதும்போது பக்கத்திலேயே தீவாந்தரத்தையும் ஒருமுறை எழுதிவிடுங்கள். அவர் காலத்தில் அந்தத் தண்டனைக்கு வழங்கிய சொல் அது.