கச்சேரிக்குப் போகும் காதுக்கு எந்தக் காதடைப்பான்?

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் மூன்று மணி நேர இசை நிகழ்ச்சி முடிந்து மெட்ரோவில் ஏறிய பிறகு, பக்கத்தில் நிற்பவர் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்பதும், காதுக்குள் ஒரு ரீங்காரம் ஓயாமல் இருப்பதும் பலருக்குப் பழகிய அனுபவம். மறுநாள் காலையில் இரண்டும் போய்விடுவதால் காது தப்பிவிட்டது என்றே நினைக்கிறோம். ஆனால் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் இருவரும் எலிகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவு வேறு விதமாக இருந்தது. பேரோசை கேட்ட எலிகளின் கேட்கும் திறன் பழைய நிலைக்குத் திரும்பிய பின்னும், உட்செவியில் ஓசையை உணரும் மயிரணுக்களைச் செவி நரம்போடு இணைக்கும் சந்திப்புகளில் பல மீளாமல் அழிந்திருந்தன. மனிதருக்கு ஒரு காதில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்களே உள்ளன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை.

எவ்வளவு ஓசையை எவ்வளவு நேரம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே சேதம் அமைகிறது. அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனமான நையாஷின் பரிந்துரைப்படி 85 டெசிபல் ஓசையை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் இந்த நேரம் பாதியாகக் குறையும். அப்படிக் கணக்கிட்டால் 100 டெசிபலுக்குக் கிடைப்பது வெறும் 15 நிமிடம். மேடையோர ஸ்பீக்கர்களின் அருகே 100 டெசிபல் என்பது அரிதான அளவன்று. அங்கே மூன்று மணி நேரம் நிற்பவர் ஒரு நாளுக்குரிய அளவைப்போல் 12 மடங்கு ஓசையைக் காதுக்குள் விட்டுக்கொள்கிறார். அதை வரம்புக்குள் கொண்டுவர, காதை எட்டும் ஓசையில் ஏறத்தாழ 11 டெசிபலைக் குறைத்தாலே போதும்.

அப்படியிருந்தும் நாம் கடையில் தேடுவது எத்தனை டெசிபல் குறைக்கும் என்பதற்கு அட்டையில் மிகப் பெரிய எண் அச்சிட்ட இயர்பிளக்கைத்தான். நானும் அப்படி ஒன்றை வாங்கி, இரண்டாம் பாட்டு முடிவதற்குள் உருவிச் சட்டைப் பையில் போட்டிருக்கிறேன். இப்படிக் கழற்றுவதில்தான் கணக்கு தவறிப்போகிறது. 25 டெசிபல் குறைக்கும் அடைப்பானை மூன்று மணி நேரத்தில் 15 நிமிடம் மட்டும் கழற்றி வைத்தாலும், மொத்தத்தில் கிடைக்கும் பாதுகாப்பு 11 டெசிபலைத் தொடுவதில்லை. ஏனெனில் அந்த 15 நிமிடமே ஒரு நாளுக்குரிய அளவு முழுவதையும் தீர்த்துவிடுகிறது. கடைசிவரை காதிலேயே இருக்கும் 15 டெசிபல் அடைப்பான் இதைவிட மேலானது.

கழற்றத் தோன்றுவதற்கும் இயற்பியலில் காரணம் இருக்கிறது. ஃபோம் அடைப்பான் கீழ் அதிர்வெண்களைவிட மேல் அதிர்வெண்களை அதிகமாகத் தடுக்கிறது. போதாக்குறைக்கு, ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமுள்ள செவிக்குழல் ஒரு முனை மூடிய புல்லாங்குழல்போல 2,700 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை ஒத்ததிர்வால் பெருக்கித் தருவது வழக்கம்; குழலை அடைத்தவுடன் அந்தப் பெருக்கமும் நின்றுவிடுகிறது. அதனால் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் விழும் கூர்மையான சொற்கள் மங்கி, இடப்பக்கமான தொப்பியின் கும்காரம் மட்டும் மிஞ்சுகிறது. பாடகரின் மெய்யெழுத்துகளும் அவ்வாறே கரைந்துபோகின்றன.

இசைக்கலைஞர்களுக்கான அடைப்பான்கள் இந்தக் குறையைத் தீர்க்க உருவானவை. மீட் கில்லியன் தொடங்கிய எடிமாட்டிக் ரிசர்ச் நிறுவனம் 1988-இல் வெளியிட்ட ஈஆர்-15 என்ற வடிகட்டி, பெரும்பாலான அதிர்வெண்களிலும் சுமார் 15 டெசிபலை ஒரே சீராகக் குறைத்தது. அதன் உள்ளே நுண்ணிய காற்றுவழியும் மெல்லிய சவ்வும் உள்ளன. காற்றுவழியிலுள்ள காற்றின் நிறையும் சவ்வின் நெகிழ்ச்சியும் சேர்ந்து, செவிக்குழல் இழந்த அதே 2,700 ஹெர்ட்ஸ் பகுதியில் ஒத்ததிர்ந்து அந்த ஒலிகளைச் சற்றுக் கூடுதலாக உள்ளே விடுகின்றன. செவித்திறன் நிபுணரிடம் காதின் அச்செடுத்துச் செய்துகொள்வது இவற்றில் உயர்ந்த வகை. கோபுர அடுக்குகள்போல மூன்று விளிம்புகள் கொண்ட ஆயத்த வகை விலை குறைவு. எப்போதாவது கச்சேரிக்குப் போகிறவருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. ஃபோமையும் முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை; ஸ்பீக்கரை ஒட்டியே வேலை செய்யும் மேடைப் பணியாளருக்கு அதுதான் பொருத்தம். பஞ்சு மட்டும் வேண்டாம். கல்யாண மண்டபத்தில் நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் அருகே உட்கார்ந்து காதில் பஞ்சு வைத்துக்கொள்வது பெரும்பாலும் மன ஆறுதலுக்குத்தான்.

அட்டையிலுள்ள எண் ஆய்வகத்தில், சரியாகப் பொருத்திய காதில் அளந்தது. ஓசைக் குறைப்பைக் காட்டும் அமெரிக்க என்.ஆர்.ஆர். எண்ணிலிருந்து 7-ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்கிக்கொள்ளும் ஒரு வழக்கம் உண்டு. 33 என்று போட்டிருந்தால் 13 என்று கொள்ளலாம். இத்தனை இழப்புக்கும் முக்கியக் காரணம் அடைப்பானுக்கும் செவிக்குழலுக்கும் நடுவே விழும் இடைவெளிதான். ஃபோமை விரல்களுக்கிடையே மெல்லிய திரியாக உருட்டி, எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதுமடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்துச் செருகி, அது விரிந்து முடியும்வரை அரை நிமிடம் அழுத்தியிருக்க வேண்டும். பின்பு இரு உள்ளங்கைகளாலும் காதுகளைப் பொத்திப் பார்க்கலாம். ஓசை சட்டென்று இன்னும் குறைந்தால் அடைப்பான் சரியாக உட்காரவில்லை.

சென்னை வியர்வையில் ஊறிய ஃபோமை மறுபடி பயன்படுத்தினால் காதில் பூஞ்சைத் தொற்றுக்கு இடம் கொடுத்ததாகும். சிலிக்கோன் வகையைச் சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். சீழ் வடியும் காதிலும் செவிப்பறையில் துளை உள்ள காதிலும் மருத்துவரைக் கேளாமல் எதையும் செருகக் கூடாது. கைக்குழந்தைகளுக்குச் செருகும் வகை வேண்டாம், கழன்றால் வாயில் போட்டுக்கொள்வார்கள். காதை வெளியிலிருந்து மூடும் மஃப் வகையே அவர்களுக்கு ஏற்றது.